எதிரில் இருக்கும் முகம்

சத்திரம் பேருந்து நிலையத்தின் ஹாரன் சத்தம் கல்லூரி அரங்கின் சன்னல் வழியே வருகிறது. மேடையில் சதுரங்கப் பலகை. அதன் மேல் ஒரு பட்டை வெயில். ஒருபுறம் கிராண்ட்மாஸ்டர் அபிராம், எதிரே அவன் தங்கை ஜாஹ்னவி. ஆடுவது அவள் அல்ல. கம்ப்யூட்டர் திரையில் காட்டும் காயைப் பலகையில் நகர்த்துவது மட்டுமே அவள் வேலை. ஒரு குதிரையை முதலிலேயே விட்டுக்கொடுத்துவிட்டு ஆடுகிறது கம்ப்யூட்டர். அப்படியும் காலையிலிருந்து எல்லா ஆட்டத்திலும் அண்ணனுக்குத் தோல்வி. இதுதான் கடைசி. “இதையாவது டிரா பண்ணிடுங்க சார்!” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்து அடங்குகிறது. அபிராம் யானையை நகர்த்தி, பக்கத்தில் இருக்கும் ஆட்டக் கடிகாரத்தை அழுத்திவிட்டு, எதிரில் இருக்கும் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். சிறுவயதில் ஊறிய பழக்கம். எத்தனையோ பேருடைய பயத்தை அப்படித்தான் படித்திருக்கிறான். ஜாஹ்னவி திரையைப் பார்க்கிறாள். பதில் வந்துவிட்டது. ராணி ஒரு கட்டம் நகர்ந்தால் போதும், அண்ணனுக்கு வேறு வழியே இல்லை. ராணியை எடுக்கப் போன விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பார்க்கிறாள், உதடு துடித்துவிடுகிறது. அபிராம் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பலகைக்கு மேலே கையை நீட்டுகிறான். “அண்ணா, நான் இன்னும் நகர்த்தவே இல்லையே...” “ஜெயிச்சவ எதுக்குடி அழறே? கையக் கொடு.”