போன வாரம் பதிவான தட்டு

கிட்ட வாங்க கண்ணுகளா, ஓர் இசைத்தட்டுக்காரர் கதை சொல்கிறேன். ஆயுசெல்லாம் தட்டு சேர்த்தவர். புதிதாக வரும் எந்தப் பாட்டும் அவர் மனதில் ஒட்டவில்லை.

"அண்ணே, இதையும் குப்பைன்னா நான் கடையை மூடிடுறேன். போன வாரம்தான் பதிவு பண்ணினாங்க" என்று கடைக்காரர் ஒரு தட்டை நீட்டினார்.

வீட்டில் வழக்கம்போல் இரண்டாம் பக்கத்தை முதலில் போட்டார். பாடியது அவர் மனைவி. அவள் இறந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. உயிரோடிருந்தபோது எத்தனை கெஞ்சினாலும், "நான் பாடினா கழுதைகூட ஓடிடும்" என்று மழுப்பியவள்.

அவர் தேடிய இசை அதுதான்.

பாட்டு முடிந்ததும் தட்டிலேயே அவள் யாரிடமோ கேட்டாள்: "நல்லா வந்துச்சா? எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." ஓர் ஆண் சிரித்தான்.

அவர் ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

உங்கள் வீட்டில் பாடத் தெரிந்தவர்கள் உங்கள் காதுபடவே பாடட்டும், கண்ணுகளா.