ஆவி பிடித்தல்

கேட்டுக்கு வெளியே மாப்பிள்ளை வீட்டார் எங்கள் குலப்பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் இம்பெபோ மூலிகையை அரைத்துக்கொண்டிருந்தேன்.

ரவை பதம் வேண்டும் என்று என் கணவர் லுங்கேலோவின் உத்தரவு. மாவாகிவிட்டால், மூலிகையைக் கொளுத்தாமல் சூடாக்கும் அவருடைய புதுக் கருவியின் சல்லடை அடைத்துக்கொள்ளுமாம். ஈரம் இருந்தாலும் ஆகாதாம்.

வாரம் முழுக்க அந்தச் செடியை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிக் காயவைத்தது யார்? மருமகள் நான்தான். காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினில் பூவும் தண்டுமாகப் போட்டுச் சுற்றினேன். இனி இந்த வீட்டில் காப்பி போட்டால் முன்னோர்கள்தான் குடிக்க வருவார்கள்.

ஒரு தட்டில் வைத்துக் கொளுத்தினால் முடிந்துபோகிற காரியம் இது. புகை எழுந்தால் செத்தவர்கள் வந்து காதுகொடுப்பார்கள், விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் மிட்ரண்டில் எங்கள் குடியிருப்பில் புகைக்குத் தடை. வீட்டுக்கு வீடு கூரையில் எச்சரிக்கை மணி.

எல்லாம் பழைய சங்கத் தலைவரின் கைங்கரியம். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எவர் வீட்டிலாவது ரொட்டி கருகி மணி அடித்தால் போதும், செருப்புகூட மாட்டாமல் ஓடிவந்து வாசலில் நின்று கத்துவார்.

கணவரின் சித்தப்பாவோ ஒரே பிடியாக நின்றார். இறந்துபோன அண்ணனிடம் சொல்லாமல் அவர் மகளுக்கு லோபோலா என்கிற பரிசப் பேச்சு கிடையாது, வாசல் கேட்டும் திறக்காது. போன தடவை இப்படித்தான் அவர்களைத் திருப்பி அனுப்பினார். இன்றும் திரும்பினால் அவர்கள் மறுபடி வரப்போவதில்லை.

அறைக்குள் அடங்கி இருக்கவேண்டிய கல்யாணப் பெண், என் நாத்தனார் நோக்வாண்டா, கதவிடுக்கில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லுங்கேலோ பொடியைக் கருவியில் அடைத்து, செல்போனில் சூட்டைக் கூட்டினார். மெல்லிசாக ஏதோ கிளம்பியது. சித்தப்பா மண்டியிட்டு, குலப்பெயர்களைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினார்.

"என்னடா இது? எங்கண்ணன் என்ன சளிக்கு ஆவி பிடிக்கவா வர்றாரு? புகை எங்கடா?"

"ஆவியக் கூப்பிட ஆவி போதாதா சித்தப்பா? எல்லாம் போன்லயே..."

"உங்கப்பன்கிட்ட போன் இருக்கா?"

வெளியே கூவல் தேய்ந்தது. கார்க் கதவு ஒன்று திறக்கும் சத்தம் கேட்டது.

நோக்வாண்டா விறுவிறுவென்று வந்தாள். அரைக்காமல் மிச்சம் கிடந்த தண்டுகளை அள்ளிச் சாப்பாட்டுத் தட்டில் போட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கூரைக்கு ஏறியது.

மணி அலறியது. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. லுங்கேலோ காதைப் பொத்திக்கொண்டு ஸ்டூலைத் தேடி ஓடினார்.

"அண்ணா, அத அமத்தாதே!" என்று கத்தினாள் நோக்வாண்டா. அவள் கண்ணில் தண்ணீர், புகையால் மட்டுமல்ல. "அப்பா வச்ச மணி அது. இந்தச் சத்தத்துக்கு எங்கப்பா வராம இருப்பாரா?"

லுங்கேலோ ஸ்டூலோடு நின்றுவிட்டார். எங்கள் எல்லோர் கண்ணும் வாசலுக்குத்தான் போயிற்று.

சித்தப்பா மெல்ல எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, ஆளில்லாத வாசற்படியைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, திட்டுறத அப்புறம் திட்டு. உன் பொண்ணக் கேட்டு வந்திருக்காங்க."