சரிவுக்கு இந்தப் பக்கம்

"வண்டியை எடுக்கட்டுமா, வேண்டாமா? பனி மூடின ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு குடல்வால் வெடிக்கிற நிலையில ஆம்புலன்ஸ்ல கிடக்குது. இந்தக் காத்துல ஹெலிகாப்டரும் வராதாம்!"

எசென்பாய் கையுறையை மேசைமேல் வீசினான். சூசாமிர் கணவாயில் இருபது வருடமாகப் பனி தள்ளுகிறவன். எதிரே நின்ற அனார்குல், பனி அகற்றும் நிலையத்துக்குத் தலைவராக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

அந்த ஒரு மாதமும் அவள் பழைய தலைவர் ஒமுர்சாக்கைப் போலவே கத்திப் பார்த்தாள். மேசையைக் குத்தினாள். கெட்ட வார்த்தைகூடச் சொன்னாள். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். "ஒமுர்சாக்கோட தொப்பி, தலைக்குப் பெருசு" என்று ஆரம்பித்து வைத்தவனே எசென்பாய்தான்.

இன்று அவள் கத்தவில்லை.

"நீங்க சொல்லுங்கண்ணே. மேல சரிவு தாங்குமா?"

இதுவரை எந்தத் தலைவரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. சற்றுத் தடுமாறினான்.

"புதுப் பனி பழைய பனியோட ஒட்டாம நிக்குது. அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒமுர்சாக்கா இருந்தா இந்நேரம் எங்களை அனுப்பியிருப்பாரு, தலைவரே."

கடைசி வார்த்தையில் கிண்டல் இருந்தது.

"நான் ஒமுர்சாக் இல்ல." குரல் நடுங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "எனக்குப் பயமா இருக்கு. உங்க ஆறு பேரையும் அந்தச் சரிவுக்குக் கீழே அனுப்ப மாட்டேன். குண்டு வெச்சுப் பனியை இறக்க ஆளுங்க வர்றாங்க. அதுவரைக்கும் யாரும் சாவியைத் தொடக்கூடாது. எது நடந்தாலும் என் தலையில."

"அது யார் வீட்டுப் பிள்ளையோ, உங்களுக்கென்ன? கல்நெஞ்சு!"

அவன் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறினான்.

பதினொன்றே காலுக்கு, குண்டுக்காரர்கள் வருவதற்கு முன்பே, மலை உறுமியது. சரிவு மொத்தமாகப் பெயர்ந்து வந்து, இந்நேரம் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டிய வளைவை மூடியது. ஆறு பேரும் வெளியே ஓடி வந்து பார்த்தார்கள்.

அனார்குல் எசென்பாயின் பக்கத்தில் வந்து நின்றாள். "மேல இன்னும் மிச்சம் ஏதாச்சும் இருக்காண்ணே?"

"இல்ல. எல்லாத்தையும் வழிச்சுட்டு வந்துடுச்சு, தலைவரே."

இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

"அப்ப எடுங்க."

மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் தள்ளினார்கள். வழி திறந்ததும் எசென்பாய் குதித்து ஓடி ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தான். சிறுமிக்கு எட்டு வயதிருக்கும். முகம் வெளுத்திருந்தது. கண்கள் மட்டும் விழித்திருந்தன.

"பிழைச்சுடுவாளா, டாக்டர்?"

"இப்பவே கிளம்பினா காப்பாத்திடலாம். கெட்டிக்காரி. 'பனி இறங்கட்டும் கண்ணு, அதுவரைக்கும் என் ஆளுங்களை அனுப்ப மாட்டேன், பொறுத்துக்கோ'ன்னு காலையில இவங்கம்மா போன்ல சொன்னாங்க. அதுக்கப்புறம் இவ ஒரு தடவைகூட அழல."