கருப்புக்கு மை போதாது

மை அளவுச் சட்டம் வந்ததிலிருந்து என் கடையில் எல்லாரும் வெளுத்துப்போகிறார்கள். ஒரு போஸ்டருக்கு இவ்வளவுதான் மை. மிஞ்சினால், எழுத்தைத் தொடாமல் முகத்தின் நிறத்தைக் குறைத்துவிடும் இந்தப் பாழாய்ப்போன கணினி.

தன் அப்பாவுக்கான கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைத் திரையில் பார்த்த அமுதரசி, "இது யாரு?" என்றாள்.

"உங்க அப்பாதாம்மா."

"எங்கப்பா கருப்பு."

"கருப்புக்கு மை ஜாஸ்தி ஆகும்மா. நான் என்ன பண்ண?"

கூட வந்த சித்தப்பா, கீழே தன் பெயர் இன்னும் பெரிதாக வரணும் என்றார். அதற்கு மை இருந்தது. மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை இலை முத்திரை, மையை மிச்சம் பிடித்ததற்கு அடையாளமாம். அதற்கும் இருந்தது.

"அந்த இலையை எடுங்க."

"எடுத்தா கடைக்குச் சீல் வச்சிடுவாங்க."

"அப்போ பேரையெல்லாம் எடுங்க. சித்தப்பா பேரு, என் பேரு, எல்லாம்."

எடுத்தேன். முகம் கொஞ்சம் கறுத்தது. போதவில்லை.

"அப்பா பேரையும் எடுங்க. எங்க தெருவுல அவரைத் தெரியாதவங்க யாரு?"

எடுத்தேன். முகம் நல்ல கருப்பானது. அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.