பதிமூன்று மீட்டர் கழி

பர்ன்லி கால்வாயில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப் போட்டிக்குக் கிளம்பிய நெவில், பதிமூன்று மீட்டர் தூண்டில் கழியை மூலையிலேயே விட்டுவிட்டு, சாட்டை போல மெலிந்த நாலு மீட்டர் தூண்டிலை எடுத்தான்.

"சின்னப் பசங்க தூண்டிலை வெச்சுக்கிட்டு என்னத்தப் பிடிப்பே?" என்றாள் மனைவி மோரீன், மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி. "பெரிய மீனெல்லாம் எதிர்க்கரையிலதான் இருக்கும்னு நீதானே சொல்லுவே?"

"இன்னிக்குக் கிட்டயே கிடைக்கும், கண்ணு."

"நான் கால்வாய்க்கரைக்கு டீ கொண்டுவந்து விழுந்த நாள்லேருந்து நீ அந்தக் கழியைத் தொடவே இல்ல."

நெவில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீளக் கழியில் மீன் சிக்கினால், கழியை முதுகுக்குப் பின்னால் நடைபாதையின் குறுக்கே தள்ளித்தான் மீனைக் கரைசேர்க்க முடியும். அன்று அவன் திரும்பிப் பார்க்காமல் கழியைத் தள்ளிவிட்டான்; டீயோடு வந்த மோரீனின் காலை அது தட்டிவிட்டது. ஈரக்கல் வழுக்கியதாக மோரீனே எல்லோரிடமும் சொன்னாள். அவனும் தலையாட்டிவிட்டான்.

"பெரிய கழியையே எடு," என்றபடி மோரீன் ஊன்றுகோலை எட்டிப் பிடித்தாள். "நானும் வர்றேன். பின்னால உட்கார்ந்து, யாராவது வந்தா குரல் குடுக்கிறேன். மறுபடியும் கல்லு மேல பழி போட்டா யாரு நம்புவாங்க?"