மூன்று பேர் கட்டிய கலயம்

மாரியூர்ப் பனங்காட்டில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. கள் குடிக்கும் ஆசையில் நாங்கள் மூன்று பேரும் நேற்றுச் சாயங்காலம் பாளையில் கட்டி, இப்போதுதான் இறக்கிய கலயத்தின் முன்னால் போலீஸ்காரர் குந்தியிருக்கிறார். மதுவிலக்குக் காலம், மாட்டினால் ஜெயில்தான். பனையோலைப் பட்டையில் ஊற்றி, விளிம்பில் நடக்கும் தேனீயை ஊதிவிட்டு, அவர் ஒரு வாய் உறிஞ்சுகிறார்.

“அட, இனிக்குதேப்பா! வெறும் பதனிதான்.”

இன்னொரு பட்டையும் குடித்துவிட்டு, மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். நானும் செல்லச்சாமியும் உக்கிரபாண்டியைப் பார்க்கிறோம். பதனீர் புளிக்காமலிருக்கத் தினமும் கலயங்களில் சுண்ணாம்பு தடவுகிறவன் அவன்.

“பழக்கதோசத்துல இதுக்கும் தடவிட்டேன்டா,” என்று தலைகுனிகிறான்.

வெள்ளை படிந்த அந்த விரல்களைப் பிடித்துச் செல்லச்சாமி கண்களில் ஒற்றிக்கொள்கிறான்.