மைனாவின் தத்துவப் பாடம்

காட்டுப் பள்ளியில் தத்துவத் தேர்வு நெருங்கிவிட்டது. புங்கமரக் கிளையில் மைனா, ‘பிறர் துன்பத்தில் நம் கடமை யாது?’ என்ற கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

பக்கத்து மரத்து அணில் பதறி ஓடிவந்தது. “அக்கா, என் குட்டி இருக்கிற பொந்துக்குப் பாம்பு வருது! நீங்க வந்து கத்தினா காக்காயெல்லாம் கூடிடும்.”

“கடைசிப் பத்திதான் பாக்கி. இப்ப விட்டா எல்லாம் மறந்துடும். நீ போ, இதோ வந்துடறேன்.”

பத்தியை முடித்துவிட்டு மைனா பறந்து போனபோது பொந்து காலியாக இருந்தது. அணில் வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆறுதல் சொல்ல மைனா வாயைத் திறந்தது. மனப்பாடம் செய்த வரிகள்தான் வந்தன.

அணில் முழுவதையும் கேட்டது.

“நல்லாப் படிச்சிருக்கீங்க, அக்கா” என்றது.